கல்லில் நீளும் கைமரம்: ஆவுடையார்கோயில் கொடுங்கையின் கட்டுமான நுட்பம்

முன்னுரை

தமிழகச் சிற்பிகள் கோயில் திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதும்போது, சில கோயில்களின் வேலைப்பாடுகளை ‘இவை நீங்கலாக’ என விலக்கி எழுதுவர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அவ்வரிசையில் தாரமங்கலத்துத் தூணோடு ஆவுடையார்கோயில் கொடுங்கையும் இடம்பெறுகிறது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1974இல் அம்மாவட்டம் அமைக்கப்படும்வரை தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாணிக்கவாசகரோடு தொடர்புடைய திருப்பெருந்துறை இதுவே. இக்கோயிலின் கொடுங்கை வியப்புக்குரிய சிற்பமாகவே பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. அதனை ஒரு கட்டுமான உறுப்பாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் உறுப்பும்

‘கொடுங்கை’ என்னும் சொல் மடித்த கையையும், கட்டடத்தின் வெளிப்புறம் வளைந்து நீளும் உறுப்பையும் குறிக்கும். வடமொழிச் சிற்ப நூல்கள் இதனைக் கபோதம் என்கின்றன. ஒரு முனை சுவரிலோ உத்திரத்திலோ பிடிக்கப்பட்டு, மறுமுனை தாங்குதல் இன்றி வெளியே நிற்பதே இதன் இயல்பு. மழைநீரையும் வெயிலையும் சுவரிலிருந்து விலக்குவது இதன் பயன்.

இவ்வுறுப்பின் மூலம் மரக் கட்டடமாகும். கூரையின் கைமரங்கள் உத்திரத்தைக் கடந்து வெளியே நீளும்போது தாழ்வாரம் உருவாகிறது. மரம் இவ்வமைப்புக்கு ஏற்றது. நீண்ட நார்களால் ஆனதாகலின், வளைக்கும்போது மேற்புறத்தில் தோன்றும் இழுவிசையை அது தாங்கும். கருங்கல்லோ அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. எடையிலும் கருங்கல் தேக்கைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆதலின் மரத்தின் வடிவைக் கல்லில் செய்வது உருவத்தைப் படியெடுப்பதோடு முடிவதன்று.

மாவட்டத்தின் முன்னோடிகள்

நார்த்தாமலை விசயாலய சோழீச்சரம், கொடும்பாளூர் மூவர் கோயில் ஆகிய முற்காலக் கற்றளிகளில் கபோதம் தடித்தது. கூடு எனப்படும் வளைவு அணிகளைக் கொண்டது. குறைந்த அளவே வெளியே நீள்வது. விசயநகர, நாயக்கர் கால மண்டபங்களில் இவ்வுறுப்பு இரட்டை வளைவு பெற்று வெளியே நெடிது நீண்டது. ஆவுடையார்கோயில் கொடுங்கை இப்பிற்கால மரபைச் சார்ந்தது. அதன் அடிப்புறத்தில் கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் ஆணித் தலைகளும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. இது கல்லா மரமா என ஐயுற்ற வெள்ளையர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்றொரு வாய்மொழிக் கதையும் உண்டு.

மரத்தைக் கல்லாக்கும் வழக்கம் இங்கு மட்டும் உரியதன்று. கிரேக்கக் கோயில்களின் கல் அணிகள் சில மர விட்டங்களின் முனைகளிலிருந்து தோன்றியவை என உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியுள்ளார்.

மெலிவின் காரணம்

கொடுங்கை மெல்லியதாக இருந்தும் விழாமல் நிற்பதே வியப்பெனக் கூறுவர். கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. விளக்கத்திற்காக 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 10 செ.மீ. சீரான தடிப்பும் உடைய பலகைக்கல் ஒன்றைக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. எடைமையம் சுவரிலிருந்து அரை மீட்டரில் அமையும். கல்லைக் கவிழ்க்க முயலும் திருப்புதிறன் 135 கிலோ-மீட்டர். அதே கல் அடியில் 10 செ.மீ. தடிப்போடு தொடங்கி நுனியில் கூர்ந்து முடியுமாயின் எடை 135 கிலோவாகும். எடைமையமும் மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்கு நெருங்கி வரும். திருப்புதிறன் 45 ஆகிவிடும். அஃதாவது, நுனியின் மெலிவு கொடுங்கைக்கு இடர் அன்று. அதன் பாதுகாப்பே அது.

அடிப்புறக் கைமரங்களையும் இவ்வாறே நோக்கலாம். இடைப்பட்ட கல் அகழப்படுவதால் எடை குறைகிறது. நீளவாக்கில் எஞ்சும் வரிகளால் கல்லின் ஆழம் காக்கப்படுகிறது. எனவே அவற்றை வெறும் அணியெனக் கொள்வது பொருந்தாது. குறுக்குச் சட்டங்களும் ஆணிகளும் மர நினைவின் எச்சங்கள் எனலாம்.

பின்சுமை

இத்தகைய கல் கொடுங்கை தன் வாற்பகுதியின் மேலுள்ள பாவுகற்கள், செங்கல், சுண்ணாம்புத் தளம் ஆகியவற்றின் எடையால் நிலைபெறுகிறது. இன்றைய கற்காரைச் சாளர நிழற்பலகையில் மேற்புறம் பதிக்கும் இரும்புக் கம்பி இழுவிசையை ஏற்கும். கற்றச்சரிடம் அது இல்லை. எனவே நுனியைக் குறைத்து, வாலுக்குச் சுமையேற்றினர்.

திருப்பணிகளில் நீர்க்கசிவைத் தடுக்கப் பழைய தளத்தை அகற்றிப் புதிது இடுவது வழக்கம். கொடுங்கைக்கு முட்டுக் கொடுக்காமல் பின்சுமையை நீக்கினால், அது முன்னோக்கிக் கவிழக்கூடும். நுனிப்பகுதியில் காரை பூசித் தடிப்பாக்கினாலும் தீங்கே விளையும்.

முடிவுரை

ஆவுடையார்கோயில் கொடுங்கை மரக் கட்டடத்தின் வடிவைக் கல்லின் இயல்புக்கேற்ப மாற்றியமைத்த கட்டுமான அறிவின் சான்றாகும். அதனைச் ‘செய்ய இயலாத அற்புதம்’ என ஒதுக்கி வைப்பது செய்தவரின் அறிவை மறைத்துவிடுகிறது. அவ்வறிவை உணர்ந்தோரே அதனைப் பழுதின்றிப் பேண இயலும். சிற்ப அழகைப் பதிவு செய்வதோடு, கூரைத் தளத்தின் அடுக்குகளையும் கொடுங்கைகளின் வாற்பகுதிகளையும் அளந்து பதிவு செய்தல் திருப்பணிக்கு முற்பட்ட கடமையாதல் வேண்டும்.