மயிலாடி கற்பிக்கும் பாடம்

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், குமரிக் கடலுக்குச் சில கல் தொலைவிலுள்ள மயிலாடி என்னும் சிற்றூரின் வரலாற்றை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். கோதையாறு அருவியாய் வீழும் திற்பரப்பு மாவட்டத்தின் ஒரு கோடி, மயிலாடி மறுகோடி. கற்சிற்பத் தொழிலால் இன்று பெயர் பெற்றுள்ள அவ்வூருக்கு, நாம் மறத்தலாகாத வேறொரு பெருமையும் உண்டு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் நம் முன்னோர் நிலை யாது? பறையர், புலையர் முதலியோர் நிலத்தோடு நிலமாக விற்கவும் அடகு வைக்கவும் பெற்றனர். பொது வழியும் கோயிலும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. எழுத்தறிவைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை.

அக்காலத்தில் மயிலாடியில் வாழ்ந்த சாம்பவர் குலத்தவரே மகாராசன். சிதம்பரம் நோக்கி யாத்திரை சென்ற அவர், தஞ்சையில் கோலாஃப் பாதிரியாரைச் சந்தித்துக் கிறித்தவம் தழுவி, வேதமாணிக்கம் எனும் பெயருடன் ஊர் திரும்பினார். தாம் பெற்றதைத் தம் மக்களும் பெற வேண்டும் என்று விழைந்தார். அவரது அழைப்பையேற்று, 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் பாதிரியார் இங்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தோன்றியது. அப்பள்ளியே பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பெற்று, இன்றைய ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1816இல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது, பணிப் பொறுப்பு முழுவதையும் வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆண்டுகளைச் சற்றே ஒப்பிட்டுப் பார்ப்போம். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல். கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936இல். மயிலாடிப் பள்ளியோ முன்னதற்கு 46 ஆண்டுகளும், பின்னதற்கு 127 ஆண்டுகளும் மூத்தது. சட்டம் நம்மை மனிதரென ஏற்கும் முன்னரே ஏடு நம் கைக்கு வந்துவிட்டது. அதனைத் தேடிச் சென்று கொணர்ந்தவர் நம்மவரே.

நாம் பல ஆண்டுகளாக வகுப்பறையில் கண்டுவரும் உண்மை ஒன்றுண்டு. ரிங்கல்தௌபேயின் பெயரைச் சொல்லும் மாணவருள் பலர் வேதமாணிக்கத்தின் பெயரை அறியார். வந்தவரைப் போற்றுகிறோம், அது நன்று. அழைத்தவரை மறந்தோம், அது நன்றன்று.

மற்றொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவம் தழுவிய நம் உறவினர் பட்டியலினத்தவராகக் கருதப்படுவதில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு உள்ள சலுகை தம்பிக்கு இல்லாத நிலையையும் காண்கிறோம். ஆணை நம்மைப் பிரித்தாலும், வரலாறு நமக்குப் பொதுவானதே. கோயிலுக்குச் செல்வோரும் ஆலயத்துக்குச் செல்வோரும் வேதமாணிக்கத்தைத் தம் முன்னோடி என உரிமை கொண்டாடலாம்.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் முதலில் பள்ளி சென்றவர் ஒருவர் இருந்திருப்பார். அவரை அனுப்பிய தாய் ஒருத்தி இருந்திருப்பாள். முதியோர் மறைவதற்கு முன் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாமே எழுதாவிடில், அதில் நம் பெயர் இராது.