மேக்கோங் உடன்படிக்கை: நான்கு பிரிவுகளுக்கு ஓர் உரை

கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் 1995 ஏப்ரல் 5 அன்று தாய்லாந்தின் சியாங் ராய் நகரில் மேக்கோங் ஆற்றுக்காக இந்த உடன்படிக்கையைச் செய்துகொண்டன. ஆற்றின் மேல்பகுதியில் உள்ள சீனாவும் மியான்மரும் இதில் சேரவில்லை. பிரிவுகளின் சாரத்தைத் தந்து உரை சொல்கிறேன்.

பிரிவு 3: வளர்ச்சித் திட்டங்களாலும் நீர்ப் பயன்பாட்டாலும் நேரும் மாசிலிருந்தும் பிற கேடுகளிலிருந்தும் படுகையின் சூழலையும் நீர்வாழ் உயிர்களையும் காக்க வேண்டும்.

மாசோடு நிறுத்தாமல் பிற கேடுகளையும் சேர்த்தது நல்ல வேலை. அணை கழிவு எதையும் கொட்டுவதில்லை. வண்டலைப் பிடித்துவைக்கிறது, மீன்களின் வலசையை மறிக்கிறது. வியட்நாமின் கழிமுகமே வண்டலால் உண்டான நிலம்.

பிரிவு 5: கிளையாற்றுத் திட்டத்துக்கு அறிவிப்பு போதும். வறண்ட பருவத்தில் முதன்மை ஆற்றின் நீரைப் படுகைக்குள் பயன்படுத்த, முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும்.

இந்தக் கலந்தாலோசனை பிறரைத் தடுக்கும் உரிமையும் ஆகாது, பிறரைப் பொருட்படுத்தாமல் நீரை எடுக்கும் உரிமையும் ஆகாது என்று உடன்படிக்கையே வரையறுக்கிறது. 2003இல் வகுத்த நடைமுறை இதற்கு ஆறு மாதம் தந்தது. லாவோஸின் சயாபுரி அணை அந்த வழியாகத்தான் வந்தது. 2011 ஏப்ரலில் நான்கு நாடுகளும் ஒத்துப்போகவில்லை. திட்டத்தைப் பத்து ஆண்டு தள்ளிவைக்கும்படி வியட்நாம் கேட்டது. 2012இல் கட்டுமானம் தொடங்கியது. 2019 அக்டோபரிலிருந்து 1,285 மெகாவாட் அணை இயங்குகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போகிறது. கலந்து பேசி முடிவு எட்டாவிட்டால் என்ன செய்வது என்பதை இந்தப் பிரிவு சொல்லவில்லை. உடன்படிக்கையின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

பிரிவு 6: வறண்ட பருவத்தின் ஒவ்வொரு மாதத்திலும் ஏற்கத்தக்க குறைந்தபட்ச இயற்கை நீரோட்டம் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் தொன்லே சாப்பின் எதிரோட்டம் நடைபெற வேண்டும், வெள்ளத்தின் அன்றாட உச்சம் இயல்பை மிஞ்சக் கூடாது.

என் மனம் நிற்கும் இடம் இது. மழைக்காலத்தில் மேக்கோங் பெருகும்போது, புனோம் பென் அருகே அதில் கலக்கும் தொன்லே சாப் ஆறு திசை மாறி அதே பெயருள்ள ஏரியை நோக்கி ஓடும். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி நல்ல மழையில் 15,000 வரை விரியும். காடு நீருக்குள் போகும். மீன்குஞ்சுகள் அங்கே வளரும். வெள்ளம் வடியும்போது அவை கூட்டமாக ஆற்றில் இறங்க, நிலைவலைகள் காத்திருக்கும். பிடித்ததைப் புளிக்கவைத்துச் செய்யும் பிராஹோக்தான் ஏழைக் கம்போடியரின் ஆண்டு முழுமைக்குமான குழம்புச் சாரம். ஓர் ஆறு பின்னோக்கி ஓடுவதைச் சட்டக் கடமையாக எழுதிய வேறொரு ஒப்பந்தத்தை நான் படித்ததில்லை.

ஏற்கத்தக்கது எவ்வளவு என்பதை உடன்படிக்கை எண்ணால் சொல்லவில்லை. அதற்கான நடைமுறை 2006இல்தான் வந்தது. 2019இல் எதிரோட்டம் தாமதமாகத் தொடங்கி விரைவில் ஓய்ந்தது. வறட்சி ஒரு காரணம். மேலே உள்ள அணைகளின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் சர்ச்சை.

பிரிவு 7: கணிசமான சேதம் என்று ஒரு நாடு தக்க சான்றோடு அறிவித்தால், காரணமான நாடு அதை உடனே நிறுத்த வேண்டும்.

கடுமையான சொற்கள்தாம். ஆனால் சான்று காட்ட நீரளவு தெரிய வேண்டும். சீனா வெள்ளக்கால அளவுகளை 2002 முதல் பகிர்ந்தது. ஆண்டு முழுதுக்குமான அளவுகளைத் தர 2020இல்தான் ஒப்புக்கொண்டது. சீனாவிலிருந்து வந்த குறைவையும் லாவோஸ் அணையால் நேர்ந்த குறைவையும் பிரித்துக் காட்டாமல், பிரிவு 7இன்படி கம்போடியா யார்மீதும் அறிவிப்பு கொடுக்க முடியாது. அதனால் தங்கள் அணைகளின் இயக்கக் கணக்கை நான்கு நாடுகளும் அன்றன்றைக்கே வெளியிட வேண்டும்.