அப்பாயி வீட்டு மரக்கால்

மலருக்கு ஊர் வரலாறு ஏதாவது எழுதித் தாங்க என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு ஒரு மரக்கால்தான்.

நான் பிறந்த ஊர் திருவாரூர் மாவட்டம். சின்னப் பிள்ளையில் எங்க அப்பாயி அறுப்புக்குப் போனால் கூலி பணமாக வராது, நெல்லாகத்தான் வரும். களத்தில் மரக்காலால் அளந்து போடுவார்கள். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு.

இப்போ உள்ள பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பாடு தெரியாது, அதனால் எழுதுகிறேன். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். அப்பாயி பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் இதெல்லாம் மனப்பாடம்.

கோபுரமாகக் குவித்து அளப்பதும் உண்டு, தலை தட்டி அளப்பதும் உண்டு. எங்க பக்கம் கூலிக்குத் தலை தட்டிதான். தட்டுகிற கை கொஞ்சம் உள்ளே அழுந்தினால் ஒரு பிடி நெல் போய்விடும். அப்பாயி வீட்டுக்கு வந்ததும் நம்ம மரக்காலில் மறுபடி அளக்கும். "இன்னிக்கு அரைப்படி போச்சு" என்று சொல்லிக்கொண்டே குதிரில் கொட்டும். திரும்பப் போய்க் கேட்காது. கேட்டால் மறுநாள் வேலை இருக்காது.

அரைப்படிதானே என்று நினைக்காதீங்க. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

1956-ல் புதிய எடை அளவுச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் கடைகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. எங்க ஊர்க் களத்தில் மட்டும் மரக்கால் ரொம்ப வருஷம் தாக்குப் பிடித்தது. அறுவடை மிஷின் வந்ததும் கூலி நெல்லும் நின்றது, மரக்கால் பரணுக்குப் போனது. ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்தபோது நான்தான் அதை எடுத்துப் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினேன். அப்பாயி திட்டவில்லை. "படியையாவது வச்சுக்க ஆத்தா" என்றது. அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது அப்பாயி வழக்கம். அதுதான் அதோட சேமிப்பு. தருமபுரியில் 1989-ல் ஆரம்பித்த மகளிர் குழு எங்க ஊருக்கும் வந்து, நான் சேர்ந்தபோது அப்பாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"பணத்த யாருடி எண்ணுறது?"

"நாங்களேதான் அப்பாயி. எல்லார் முன்னாடியும் எண்ணி, சத்தமா வாசிச்சு, நோட்டுல எழுதுவோம்."

"அப்ப சேரு" என்றது.

இப்போ அப்பாயி இல்லை. படி என் வீட்டில் இருக்கிறது, தினமும் அதில்தான் அரிசி அளக்கிறேன். உங்க வீட்டுப் பரணில் மரக்காலோ படியோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீங்க. அதை யார் அளந்தார்கள், யாருக்கு அளந்தார்கள் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.