சித்தன்னவாசல் தாமரைக் குளம்

இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு கூட்டத்தார் நம் ஊர்களை அகழ்ந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் மொழியை அவர்கள் அறியார். நம் வழிபாடும் வழக்கமும் அறியார். வாசற்கோலத்தின் படம் ஒன்று அவர்கள் கையில் அகப்படுகிறது. புள்ளிகளை எண்ணுவர், கோடுகளை அளப்பர். வானநூற் கணக்கு என்பார் ஒருவர். பகை விலக்கும் மந்திரம் என்பார் மற்றொருவர். மார்கழி வைகறையில் மாவை விரலிடுக்கில் ஏந்திக் குனிந்து நின்ற பெண் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தோன்றமாட்டாள்.

நாமும் அவர்களைப்போலவே மயங்கி நின்ற இடம் ஒன்று உண்டு. புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், பழைய சமஸ்தானத்தின் குளத்தூர் வட்டத்தைச் சேர்ந்திருந்த சித்தன்னவாசலே அது. குளத்தைப் பெயரிற்கொண்ட அவ்வட்டத்தின் புகழ்மிக்க குளத்தில் ஒரு துளி நீரும் இல்லை. அது குகைக்கோயிலின் விதானத்தில் இருக்கிறது!

சுண்ணச்சாந்தின்மேல் எழுதிய அக்குளத்தில் தாமரைகள் மொட்டாகவும் மலராகவும் நெருங்கி நிற்கின்றன. மீன்கள் திரிகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் இறங்கியுள்ளன. இடையில் சிற்றாடை உடுத்த ஆடவர் மூவர் மலர் கொய்கின்றனர். 1920-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய் இவ்வோவியங்களை உலகறியச் செய்தார். கண்டோர் அனைவரும் வியந்தனர். ஆயினும், யார் இம்மூவர்? எதற்காகப் பூப்பறிக்கின்றனர்? நாட்டுப்புறக் காட்சி என்று சொல்லி நிறுத்திக்கொண்டாலும் குற்றமில்லை. அவ்வளவு இயல்பான ஓவியம் அது.

விடை சமண நூல்களில் இருந்தது. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் மண்டபத்திற்குச் சமவசரணம் என்று பெயர். அதனைச் சூழ்ந்த நிலங்களுள் ஒன்று மலர்ப்பொய்கை. அறங்கேட்க வருவோர் அங்கே மலர் கொய்து செல்வர். விதானத்தில் உள்ளது அப்பொய்கையே என்று டி. என். இராமச்சந்திரன் முதலிய ஆய்வாளர் விளக்கினர். அந்நெறியைப் பின்பற்றும் தமிழ்ச் சமணர் தொண்டை நாட்டில் இன்றும் வாழ்கின்றனர், நூல்களும் அழியவில்லை. அவை அழிந்திருப்பின் அம்மூவர் நமக்கு வெறும் பூப்பறிப்போராகவே நின்றிருப்பர். எகிப்திய எழுத்துக்களை 1822-இல் ஷாம்போலியன் படிப்பதற்குமுன் அந்நாட்டுச் சுவரோவியங்களும் பெரும்பாலும் அப்படித்தான் நின்றன.

தூண் ஒன்றில் முடி சூடிய தலை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அருகே ஒரு பெண். முதலில் கண்டோருள் சிலர் அதனை அர்த்தநாரீசுவரர் என்றனர். பின்னர் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்னும் கருத்து வலுத்தது. ஓவியங்கள் ஏழாம் நூற்றாண்டின எனப் பாடநூல்களும் எழுதின. ஆனால் குகையருகே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உளது. மதுரையைச் சேர்ந்த சமண ஆசிரியர் இளங்கௌதமன், அவனிபசேகரன் என்னும் பாண்டியன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்தார் என்று அது கூறுகிறது. அப்பாண்டியன் ஒன்பதாம் நூற்றாண்டினன். ஆகவே ஓவியங்களும் அக்காலத்தனவே என்பது இன்று பலர் துணிபு. ஒரே முகம், கடவுளாயிற்று, பல்லவனாயிற்று, பாண்டியனும் ஆயிற்று! ஓவியனோ ஒரு முகத்தைத்தான் எழுதினான்.

மாணவர்கள் அங்கே செல்லும்போது அருகிலுள்ள குடுமியான்மலைக்கும் செல்லவேண்டும். அங்குப் பாறையில் ஏழு பண்களுக்குரிய சுர வரிசைகள் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தைப் படித்தாயிற்று, 1914-இல் பண்டார்க்கர் அதனைப் பதிப்பித்தும் விட்டார். ஆனால் அவ்வரிசைகளை அந்நாளில் எவ்வாறு இசைத்தனர் என்பதில் இசைவாணர் ஒருவரோடொருவர் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்.