மின்பொறியும் சுழல் இயந்திரமும்

பெட்ரோலால் ஓடும் வண்டிக்கு எரிபொருளும் காற்றும் மட்டும் போதா. அவை கலந்த கலவையில் உரிய நொடியில் ஒரு மின்பொறி தோன்றவும் வேண்டும். 1886-இல் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ், பொறியூட்டலையே சிக்கல்களுள் தலையாய சிக்கலாகக் கருதினார். 1902-இல் ராபர்ட் பாஷ் அவர்களின் தொழிற்கூடத்தில் காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய பின்னரே அச்சிக்கல் பெரிதும் தீர்ந்தது. தமிழகமும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியே அவற்றின் நுட்பம் கற்றவர். 1961-இல் சென்னையை அடுத்த பாடியில் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ், வண்டிகளுக்கான மின்கருவிகளை அங்கேயே செய்யலாயிற்று.

இப்பொறி வரலாற்றில் தனி இடம் பெற்றது பெலிக்ஸ் வாங்கெல் கண்ட சுழல் இயந்திரம். ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957 பிப்ரவரி முதல் நாள் அது முதன்முறையாக இயங்கியது. அதில் முக்கோணச் சுழலியும் அதனைச் சூழ்ந்த கூடும் ஆகிய இரண்டுமே சுழன்றன. பிளக்குகள் உள்ளே சுழலியில் இருந்தமையால், அவற்றை மாற்ற இயந்திரத்தையே பிரிக்க வேண்டியிருந்தது. ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே என்னும் பொறியாளர் கூட்டை அசையாது நிறுத்திப் பிளக்குகளை வெளிப்புறத்தில் அமைத்தார். வாங்கெல் இம்மாற்றத்தை விரும்பவில்லை. எனினும் உலகம் ஏற்றது பாஷ்கேயின் வடிவத்தையே. பழுதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காத இயந்திரம், எத்துணை நுட்பமானதாயினும், மக்களுக்குப் பயன்படாது அன்றோ?

இவ்வியந்திரத்தில் பிளக்கின் பணி கடுமையானது. சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மும்முறை சுற்றும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுழலியில் ஓர் எரிதல் நிகழ்கிறது. பிஸ்டன் உள்ள நான்கு வீச்சு இயந்திரத்திலோ, ஓர் உருளையில் இரு சுற்றுக்கு ஒருமுறையே எரிதல் நிகழும். அன்றியும், குளிர்ந்த புதுக் கலவை நுழையும் பக்கம் வேறு; எரியும் பக்கம் வேறு. எனவே பிளக்கு ஓயாது வெப்பத்திலேயே நிற்கிறது. எரியும் அறை நீண்டு ஒடுங்கியிருப்பதால் ஒரே பொறி முழுக் கலவையையும் எரிக்கப் போதாது. இதனால் 1967-இல் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் வெளியிட்ட காஸ்மோ ஸ்போர்ட் வண்டியில் சுழலிக்கு இரண்டு பிளக்குகள் அமைந்தன. ஒன்று முதலில் பற்றவைப்பது. மற்றது அதற்குத் துணையாவது.

துணைப்பிளக்கு கெட்டாலும் வண்டி ஓடும். வலு சற்றுக் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும். முதற்பிளக்கு கெட்டாலோ வண்டி குலுங்கித் தடுமாறும். 2003 முதல் 2012 வரை உருவான ஆர்.எக்ஸ்-8 வண்டியில் நான்கு பிளக்குகளுக்கும் தனித்தனிக் காயில் உண்டு. காயில்கள் ஒரே வகையின; ஆகையால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு சுழலியின் காயிலை மற்றதனுடையதோடு மாற்றிப் பார்க்கலாம். பழுதும் உடன் சென்றால் குற்றம் காயிலுடையது. பழுது நின்ற இடத்திலேயே நின்றால் கம்பியையும் பிளக்கையும் நோக்க வேண்டும். பிளக்குகள் இருவகைப்பட்டவை, அவற்றை இடம் மாற்றிப் பூட்டலாகாது. பொறி நன்றாயிருந்தும் குறை நீங்காவிடில் அழுத்தத்தை அளக்க வேண்டும். சுழலிக்கு மூன்று முகங்கள். மூன்றின் அழுத்தமும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். எரியாது வெளியேறும் பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாற்றியைச் சுட்டுக் கெடுக்குமாதலால், இவ்வாய்வைத் தள்ளிப்போடுவதும் தவறு.

வரிசைப்படி ஆராயாமையின் விலையை வரலாறு காட்டுகிறது. 1967-இல் வெளிவந்த என்.எஸ்.யு. ஆர்.ஓ.80, 1968-இன் சிறந்த ஐரோப்பிய வண்டியாகத் தேர்வு பெற்றது. சுழலி முனைகளின் அடைப்பான்கள் விரைவில் தேய்ந்தது உண்மையே. ஆயினும், உத்தரவாதத்தின்கீழ் திரும்பிய இயந்திரங்களுள் பழுதற்றவையும் இருந்தன. தேய்ந்த அடைப்பானும் நலிந்த பொறியும் ஒரே அறிகுறிகளைக் காட்டும். பிரித்தறியாதவன் முழு இயந்திரத்தையும் பழிப்பான். 1977-இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 37,000 வண்டிகளே உருவாகியிருந்தன.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்குக் கூறும் நெறி இயந்திரத்திற்கும் பொருந்தும். பகாவ் போன்ற தோட்டப்புற ஊர்களின் கார்ப் பட்டறைகளில் தொழில் பழகும் தமிழ் இளைஞர், கருவி பிடிப்பதோடு இம்முறையையும் கற்றல் வேண்டும். கணக்கில் பிழைசெய்த மாணவனை மந்தன் என்று தள்ளாது, எந்தப் படியில் வழுக்கினான் என்று தேடுபவரே நல்லாசிரியர். நல்ல மெக்கானிக்கும் அவ்வாறே. அவர் ஒரு காயிலின் குற்றத்திற்காக இயந்திரத்தைத் தண்டிக்க மாட்டார்.