சயாம் ரயிலை நிறுத்தலாமா? ஒரு வகுப்பறை விவாதமும் நம் தோட்ட வரலாறும்



இந்தக் கட்டுரை ஒரு வாய்ச்சண்டையில் தொடங்கியது. படிவம் நான்கு மாணவர்கள் இரண்டு பேர், ஓய்வு நேரம் முடிந்தும் விடாமல் வாதாடிக்கொண்டே வகுப்புக்குள் வந்தார்கள். "அவங்க காப்பாத்தியிருக்கணும். அவங்களால முடியுமே!" என்கிறான் ஒருவன். "காப்பாத்தினா அந்தப் பொண்ணே பொறந்திருக்க மாட்டா. அதுகூடவா புரியல?" என்கிறாள் இன்னொருத்தி. யாரோ சொந்தக்காரர் வீட்டுப் பிரச்சினை போல என்று நினைத்தேன். விசாரித்தால், 'டாக்டர் ஹூ' என்ற ஆங்கில அறிவியல் புனைவுத் தொடர்!

அன்று நடத்த வேண்டிய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டேன். அதனால் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

காலப்பயணியின் மூன்று முடிவுகள்

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிபிசி 1963 நவம்பர் 23-இல் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் இது. 'டாக்டர்' என்று மட்டுமே அழைக்கப்படும் கதாநாயகர் ஒரு நீலப் பெட்டிக்குள் ஏறி எந்தக் காலத்துக்கும் போகலாம். உருவம் மாறும், சில காலம் ஆணாக, சில காலம் பெண்ணாகக்கூட இருப்பார். ரசிகர்கள் இன்றைக்கும் விடாமல் வாதாடும் மூன்று முடிவுகள் உண்டு.

முதலாவது 1975-இல் வந்தது. பிற்காலத்தில் பல உலகங்களை அழிக்கப்போகும் டாலெக் என்ற இனத்தைக் கருவிலேயே அழிக்கும் வாய்ப்பு டாக்டருக்குக் கிடைக்கிறது. இரண்டு கம்பிகளைத் தொட வைத்தால் போதும். அவரோ கையில் கம்பியோடு நின்று, இதைச் செய்ய எனக்கு உரிமை உண்டா என்று தயங்குகிறார்.

இரண்டாவது 2008-இல். கி.பி. 79-இல் எரிமலை பொம்பெயி நகரை மூடப்போகிறது. தடுக்க முடியாது என்கிறார் டாக்டர். கூட வந்த பெண் அழுது கெஞ்சுகிறாள்: எல்லாரையும் வேண்டாம், யாரையாவது காப்பாற்றுங்கள். ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் அவர் காப்பாற்றுகிறார்.

மூன்றாவதுதான் என் மாணவர்களின் சண்டைக்குக் காரணம். வினய் பட்டேல் எழுதி, 2018 நவம்பர் 11-இல் வந்த கதை. யாஸ் என்ற இளம்பெண் தன் பாட்டியின் இளமைக்காலத்தைப் பார்க்க 1947 ஆகஸ்டு மாதப் பஞ்சாபுக்குப் போகிறாள். பிரிவினை நேரம். முஸ்லிமான பாட்டி உம்ப்ரீனுக்கும், போரிலிருந்து திரும்பிய இந்து இளைஞன் பிரேமுக்கும் கல்யாணம். யாஸுக்குத் திகைப்பு. அவளுடைய தாத்தா பிரேம் இல்லையே! அன்றைக்கே கும்பல் பிரேமைக் கொல்லப்போகிறது. காப்பாற்றினால் பாட்டி வேறொருவரை மணக்கமாட்டாள், யாஸ் பிறக்கமாட்டாள். டாக்டர் திரும்பி நடக்கிறார். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வெடிக்கிறது.

நம் ஆட்களுக்கு இது லேசில் ஏறாது. 'இன்று நேற்று நாளை', '24' என்று நாம் பார்த்துப் பழகிய படங்களில் காலத்தைத் திருப்பினால் கணக்குத் தீர்ந்துவிடும். போனவர்களும் திரும்பி வருவார்கள். இங்கே நாயகியே கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் கோபம் வரத்தானே செய்யும்?

"1943-ல என்ன டீச்சர்?"

நான் கேட்டேன்: "அந்த நீலப் பெட்டி 1943-ல நம்ம நெகிரி செம்பிலான் தோட்டத்துல வந்து இறங்கினா, நீங்க என்ன செய்வீங்க?"

அமைதி. பிறகு ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பையன் கேட்டான்: "1943-ல என்ன டீச்சர்?"

அவன் குடும்பம் நான்கு தலைமுறையாகத் தோட்டத்தில் இருக்கிறது. 1947 பஞ்சாப் அவனுக்குத் தெரிகிறது. தன் கொள்ளுத்தாத்தா காலத்து லயத்தில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நண்பர்களே, வகுப்பில் நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது; பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். ரப்பரை வாங்கிய அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டன. பால் வெட்டியவர்களுக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு. ஊருக்குத் திரும்பக் கப்பலும் இல்லை.

அதே நேரத்தில் பர்மாவில் இருந்த தன் படைக்குச் சரக்கு அனுப்ப ஜப்பானுக்கு ஒரு தரைவழி தேவைப்பட்டது. கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் ஆபத்து. அதனால் சயாமையும் பர்மாவையும் இணைக்க, மலையும் காடும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சேர்ந்ததோடு முடிந்தது.

ஆள் பிடிக்கும் வேலை தோட்டங்களுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். பசியில் இருந்தவர்கள் நம்பினார்கள். முதலில் போனவர்கள் திரும்பவில்லை என்றதும் நம்பிக்கை போனது. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. கிராணிமார் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. லாரியோடு வந்து அள்ளிப்போனார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்குள் வரச்சொல்லிக் கதவைச் சாத்திய கதையைப் பல ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இளைஞர்கள் ரப்பர் காட்டுக்குள் ஒளிந்து பகலைக் கழித்தார்கள்.

போனது மனிதர்கள் மட்டுமல்ல. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய கிளை ரயில் பாதையைப் பெயர்த்து அந்தத் தண்டவாளங்களையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதை திரும்பப் போடப்படவே இல்லை. இன்றைக்கு மலாக்கா நகரத்துக்கு ரயில் ஏன் இல்லை என்று உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த வேலைக்கு நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் பேர் வரை. அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். போர்க்கைதிகளிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்ய அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து வைத்த பெயர்ப்பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த வரிசை எங்கே?

எந்த இடத்தில் தடுப்பது?

இதைக் கேட்ட பிறகு வகுப்பு சும்மா இருக்குமா? யோசனைகள் வந்து குவிந்தன.

"போகாதீங்கன்னு முன்னாடியே சொல்லிடலாம்." சரி, சொன்னால் அரிசி யார் தருவது? பசியில் இருப்பவனிடம் எச்சரிக்கை மட்டும் போதுமா? பேச்சு பொருளாதாரத்துக்குப் போனது.

"பாலத்தை உடைச்சிடலாம்." உடைத்தால் மறுபடி கட்ட இன்னும் ஆள் பிடிப்பார்கள் என்றாள் ஒரு மாணவி. நான் அதை யோசித்திருக்கவில்லை.

"வெள்ளைக்காரன் நம்மள இங்க கொண்டாந்ததையே தடுக்கணும்." கங்காணி முறை, 1938-இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது என்றெல்லாம் பேச்சு பின்னால் போனது. கடைசியில் அந்த ரந்தாவ் பையனே சொன்னான்: "அப்ப நாம இந்த வகுப்புல இருக்க மாட்டோமே டீச்சர்."

காரணகாரியம் என்று நாம் பாடநூலில் நடத்துவது இதைத்தானே? ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னால் எத்தனை கண்ணிகள், எதை எடுத்தால் எது அறுந்துவிழும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

என் பாட்டியின் விடுகதை

அன்று வகுப்பில் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்த மாணவி சொன்ன வாதம் என் வீட்டுக் கதை.

என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு முதல் கல்யாணம் 1942-இல் நடந்தது. மறு வருடம் அவருடைய வீட்டுக்காரர் சயாமுக்குப் போனார். திரும்பவில்லை. போர் முடிந்து இரண்டு வருடம் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் பேசி என் தாத்தாவுக்குக் கட்டிவைத்தார்கள். அப்பா பிறந்தார், பிறகு நான். ஆக, யாராவது அந்த ரயிலை நிறுத்தியிருந்தால் நான் இல்லை. உம்ப்ரீனின் பேத்தி பஞ்சாபில் நின்ற இடத்தில்தான் நானும் நிற்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து கேட்டேன்: "அவர் பேரு என்ன பாட்டி?" அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், தெரியும்தானே? பாட்டி சிரித்துக்கொண்டே, "மலை மேல நிக்கிற சாமி பேருடி" என்றார். நானும் சிரித்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன். இரண்டு வருடத்தில் பாட்டி இறந்துபோனார்.

மலை மேல் நிற்கும் சாமிக்கு எத்தனை பெயர்! முருகன், வேலு, பழனி, தண்டாயுதம். ஏழுமலையானாகவும் இருக்கலாம். அவர் பெயரைத் தெரிந்தவர்கள் இன்று எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நீலப் பெட்டி எனக்குக் கிடைத்தால் சயாமுக்குப் போக மாட்டேன். அந்த அஞ்சடிக்குத்தான் போவேன். இன்னும் ஒரு கேள்வி கேட்பேன்.

சாட்சியாக நிற்பது

பஞ்சாப் கதையில் திஜாரியர் என்ற வேற்றுலகத்தார் வருகிறார்கள். டாக்டர் முதலில் அவர்களைக் கொலைகாரர்கள் என்று சந்தேகிக்கிறார். உண்மையில் அவர்கள், துணையில்லாமல் சாகிறவர்களின் பக்கத்தில் நின்று, அவர்களை நினைவில் வைப்பதையே வேலையாக ஏற்றவர்கள். பிரேமின் கடைசி நிமிடத்திலும் நிற்கிறார்கள். காப்பாற்றுவதில்லை. சாட்சியாக இருக்கிறார்கள்.

நம்மாலும் 1943-ஐ மாற்ற முடியாது. சாட்சியாக நிற்கலாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. வகுப்பறையிலும் செய்யலாம். நான் செய்துபார்த்த மூன்று படிகள் இவை:

1. மாணவர்களுக்குப் பிடித்த காலப்பயணக் கதை ஒன்றை வைத்து, நாயகன் செய்தது சரியா தவறா என்று இரு அணியாக 15 நிமிடம் விவாதம்.

2. அதே கேள்வியை 1943 தோட்டத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு யோசனைக்கும் "அப்படிச் செய்தால் அடுத்து என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள்.

3. வீட்டுப்பாடம்: குடும்பத்தின் மூத்தவரிடம் ஒரு பெயர் கேட்டு வர வேண்டும். சயாமுக்குப் போனவர், ஒளிந்து தப்பியவர், யாராக இருந்தாலும் சரி. பெயர், தோட்டம், உறவு. மூன்று வரி போதும். அக்கா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி, யாரிடமும் கேட்கலாம்.

என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஏழு பெயர்கள் வந்தன. அந்த ரந்தாவ் பையன் மறுவாரம் வந்து, "எங்க தாத்தாவோட பெரியப்பா, டீச்சர். வீட்டுல யாருமே இதுவரைக்கும் பேசினதில்ல" என்றான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. 1943-இல் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தவருக்கே இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் மாணவர்களை இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். விடுகதை மாதிரி பதில் வந்தால், விளையாட ஓடிவிடாமல் உட்கார்ந்து விடையையும் கேட்டு வரச் சொல்லுங்கள்.