முற்றத்துக் கற்களின் கணக்கு

விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. செங்கல் அறுக்கும் எபிரேயருக்கு இனி வைக்கோல் தரப்படாது. அதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். ஆயினும் நாள்தோறும் அறுக்கவேண்டிய கற்களின் எண்ணிக்கை குறையாது. இது பார்வோனின் ஆணை. அடிமைத்தனம் என்றதும் நமக்குச் சங்கிலியும் சாட்டையும் நினைவுக்கு வருகின்றன. விவிலியமோ நம்முன் ஒரு கணக்கை வைக்கிறது. மூலப்பொருளின் செலவு உழைப்பவன் தலையில். பயன் மற்றவன் கையில்.

இக்கணக்கு 1982-இல் தில்லிக்கு அருகே, அரியானாவின் ஃபரீதாபாத் மாவட்டத்துக் கல்குவாரிகளில் வெளிச்சத்துக்கு வந்தது. சுவாமி அக்னிவேஷ் தலைமையில் இயங்கிய பந்துவா முக்தி மோர்ச்சா என்னும் அமைப்பு, உச்சநீதிமன்ற நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்று, வழக்கறிஞர் இருவரைக் குவாரிகளுக்கு அனுப்பியது. அவர்கள் கண்டவை நம் மனத்தை இன்றும் கனக்கச் செய்கின்றன. கற்களை அடுக்கி மேலே வைக்கோல் வேய்ந்த குடிசைகள். உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. குடிக்க ஓடையின் அழுக்கு நீர். கல்லரைக்கும் இயந்திரங்களின் புழுதியில் மூச்சுத் திணறல். கூலியோ லாரிக் கணக்கில் தரப்பட்டது. பாறையில் துளையிடும் செலவும் வெடிமருந்தின் விலையும் அதிலிருந்தே கழிக்கப்பட்டன. கங்காணியின் தரகும் போயிற்று. எஞ்சியது வயிற்றுக்கே போதவில்லை. எபிரேயர் தேடிய வைக்கோல் இங்கே வெடிமருந்தாக மாறியிருந்தது. வேறு வேறுபாடு நமக்குத் தெரியவில்லை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே நம் நாட்டில் நிறைவேறிவிட்டது. கொத்தடிமையின் கடன் அத்துடன் அழிந்துபோகும் என்றும் அது கூறியது. ஆனால் மாநில அரசு நீதிமன்றத்தில் சொன்ன வாதத்தைக் கேளுங்கள்: இவர்கள் கட்டாய வேலை செய்வோராக இருக்கலாம், முன்பணம் பெற்றதற்குச் சான்று காட்டாதவரை கொத்தடிமைகள் ஆகமாட்டார்கள். எழுத்தறியாத ஏழை, தன் முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் கணக்கேட்டை எப்படிக் கொண்டுவந்து காட்டுவான்? 1983 டிசம்பரில் வந்த தீர்ப்பு இவ்வாதத்தைத் தள்ளியது. ஒருவர் கட்டாயமாக வேலை வாங்கப்படுகிறார் எனத் தெரிந்தால், முன்பணமே அதற்குக் காரணம் என்று கருதப்பட வேண்டும்; இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலை வாங்குபவருடையது. அதற்கு முந்திய ஆண்டு, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளரின் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. சங்கிலி இல்லாவிடினும் பசி ஒரு சங்கிலியே என்பதைச் சட்டத்தின் மொழியில் சொன்ன தீர்ப்புகள் இவை.

கல் நெடுந்தொலைவு செல்லும் பொருள். ராஜஸ்தானின் கோட்டா, பூந்தி மாவட்டங்களில் வெட்டப்படும் மணற்கல் கண்ட்லா முதலிய துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறி, இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் நடைபாதையாகிறது. அங்கே விற்கும் ஒரு சாம்பல் நிறக் கல்லுக்குக் கண்ட்லா என்றே பெயர். பூந்தி மாவட்டத்துப் புத்புரா என்னும் ஊரில், குவாரிக் கழிவைக் கையால் உளிகொண்டு சிறு பாவுகற்களாகச் செதுக்கும் வேலையில் பெண்களோடு சிறுவரும் அமர்ந்திருந்தது உலகறிந்த செய்தி. கல்தூள் நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் நோய்க்கென ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. தோட்டக்காரர் கல்லைப் பதிக்கும்போது அந்த மூச்சிரைப்பு அவர் காதில் விழுவதில்லை.

இத்தொலைவைக் குறைக்கவே பிரிட்டன் 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியது. ஆண்டு வருவாய் 3 கோடியே 60 இலட்சம் பவுண்டோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், தம் பொருள்கள் வரும் வழியில் அடிமைத்தனம் நுழையாதிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால், ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிட்டாலும் அச்சட்டம் நிறைவேறியதாகவே கொள்ளப்படும்! சிறிய தோட்ட ஒப்பந்தக்காரர்களோ அவ்வரம்புக்குள் வருவதே இல்லை. ஏற்றுமதியாளரின் கூடத்தை மட்டும் பார்த்துத் திரும்பும் ஆய்வாளருக்கு முன்பணக் கணக்கேடு கண்ணில் படாது. குவாரிவரை நடந்து சென்று, தொழிலாளியின் மொழியில், கங்காணி அருகில் இல்லாதபோது, கடன் எவ்வளவு, விட்டுப்போக முடியுமா என்று கேட்பவருக்கே உண்மை தெரியும். ஃபரீதாபாத்தில் அவ்விரு வழக்கறிஞரும் செய்தது அதுவே.

பிறரைக் குறை கூறுமுன் நம் இல்லத்தையும் பார்க்க வேண்டும். 1452-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் வெளியிட்ட ஆணை, பிற சமயத்தாரை அடிமைப்படுத்தப் போர்த்துக்கல் மன்னருக்கு இசைவளித்தது. அடிமை வணிகத்தைப் பதினாறாம் கிரகோரி 1839-இல் வன்மையாகக் கண்டித்தார். பதின்மூன்றாம் சிங்கராயர் 1888-இல் பிரேசில் ஆயர்களுக்குச் சுற்றுமடல் எழுதினார். இடையில் கழிந்த நூற்றாண்டுகளை எண்ணும்போது நமக்கு நாணம் உண்டாகிறது. 1452-ஆம் ஆண்டின் அவ்வாணை போன்றவற்றைச் சார்ந்து எழுந்த கோட்பாட்டை 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது. 2014 டிசம்பர் 2 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் பிற சமயத் தலைவர்களோடு அமர்ந்து நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான அறிக்கையில் கையொப்பமிட்டார்.

ஃபரீதாபாத் வழக்கு அத்துடன் முடியவில்லை. 1991-இல் அது மீண்டும் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, முந்தைய ஆணைகளில் பல ஏட்டளவிலேயே நின்றிருந்தன. விடுவிக்கப்பட்டவருக்கு நிலமோ தொழிலோ தராமல் விட்டால், அவர் அடுத்த முன்பணத்துக்கே கை நீட்டுவார்.

சென்ற ஆண்டு எங்கள் பங்கில் மாதா கெபியைச் சுற்றித் தோட்டம் அமைத்து, நடைபாதைக்குக் கல் பாவினோம். மூன்று விலைப்புள்ளிகள் வந்தன; மிகக் குறைந்ததை மகிழ்ச்சியோடு தேர்ந்தோம். இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கிய பின்னரே, அக்கல் எங்கிருந்து வந்தது என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்கத் தோன்றியது. கிடங்கின் பெயரைச் சொன்னார். கிடங்குக்கு எங்கிருந்து வந்தது என்றோம். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம். விசாரித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.